மாந்தீவு நோயும் ரி கலங்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில், சத்துருக்கொண்டானைக் கடந்து தன்னாமுனைக்கு வருகின்ற ஒருவர் மேற்கே திரும்பி நோக்குவாராயின், இப்பிரதேசத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பகுத்து நிற்கும் வாவியை அங்கே காண்பார். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவியினுள்ளே, நகரத்துக்கு அண்மையில், மாந்தீவு என்றொரு தீவு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே அத்தீவில் குஷ்டரோக வைத்தியசாலை ஒன்று நிறுவப்பட்டது. ஒல்லாந்தர் 1708 இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் அமைத்த குஷ்டரோக இல்லமும், நோயாளரைத் தனிமைப்படுத்தும் பொருட்டு ஆங்கிலேயர் 1901 இல் இயற்றிய சட்டமும் எந்த எண்ணத்திலிருந்து பிறந்தனவோ, அதே எண்ணத்திலிருந்துதான் மாந்தீவும் பிறந்தது. நோயை வெல்லும் மார்க்கம் அறியாத சமுதாயம், நோயாளனையாவது கண்ணுக்கு மறைவாக நீருக்கு அப்பால் வைத்துவிட எண்ணியது.

சட்டங்களையும் தீவுகளையும் பற்றிய அந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கே நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. குஷ்டரோக வைத்தியசாலையொன்றிற் பல்லாண்டு பணிபுரிந்த வைத்தியர் எவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு விசித்திரம் உண்டு. ஒரு நோயாளியின் முதுகிலோ கையிலோ வெளிறிய படை ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் விளிம்பு தெளிவாக இருக்கும். அவ்விடத்தில் ஊசியாற் குத்தினாலும் அவர் உணரமாட்டார். ஆனால் அப்படையிலிருந்து சிறிது தோலை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துத் தேடினால், கிருமி ஒன்றேனும் அகப்படுவது அரிது. அடுத்த கட்டிலிலே கிடக்கும் மற்றொருவருக்கோ முகத்தின் தோல் தடித்து, காதுமடல்கள் பருத்து, புருவ மயிர் உதிர்ந்து, சரீரமெங்கும் கட்டிகள் பரந்திருக்கும். அவருடைய தோலில் ஒரு கிராம் எடையுள்ள பகுதியினுள்ளே கோடிக்கணக்கிலே, சில வேளைகளில் நூறு கோடிக்கும் மேலாக, கிருமிகள் குவிந்திருக்கும். இவ்விருவரையும் பீடித்திருப்பது ஒரே கிருமி, அதாவது நோர்வே தேசத்தின் பேர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் 1873 இற் கண்டறிந்த அதே பற்றீரியா, என்று சொன்னால் அறியாதவர் நம்பத் தயங்குவர்.

கிருமியில் ஒரு ஜாதி சாதுவானது, மற்றொரு ஜாதி கொடியது என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. உலகின் பல தேசங்களிலிருந்தும் பெறப்பட்ட தொழுநோய்க் கிருமிகளின் பரம்பரை அலகுகளை ஒப்பிட்டபோது, அவற்றிடையே வேற்றுமை மிக அற்பமாகவே காணப்பட்டது. எனவே வேற்றுமை நோயாளியிலேதான் இருத்தல் வேண்டும். நோயாளியில் எங்கே என்று வினவினால், அவருடைய இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் ஓயாது சஞ்சரிக்கின்ற ரி கலங்களிலே என்று இன்றைய விஞ்ஞானம் விடை கூறுகின்றது.

ரி கலம் என்பது வெண்குழியங்களுள் ஒரு வகை. என்பு மச்சையிலே தோன்றி, மார்பெலும்புக்குப் பின்னே இருதயத்துக்கு மேலாக அமைந்த தைமசு என்னும் சுரப்பியிற் சென்று முதிர்ச்சியடைவதால், அச்சுரப்பியின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. தைமசு எதற்காக இருக்கின்றது என்பதை 1961 வரை எவரும் திட்டமாக அறிந்திருக்கவில்லை. அவ்வாண்டிலே, லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர் என்பவர், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமசை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின. வேறோர் எலியின் தோலை அவற்றின்மீது பதித்தபோதும், பிறர் உடைமை என்று அறிந்து அதை மறுக்க அவற்றால் இயலவில்லை. பயனற்றதோர் எச்சம் எனப் பலரும் கருதியிருந்த உறுப்பு, நிர்ப்பீடனத்தின் பிறப்பிடம் என்பது அவ்வாறு வெளிப்பட்டது.

தைமசினுள்ளே நடப்பது கடுமையானதொரு பரீட்சை. அங்கே புகும் இளங்கலம் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பிலே ஒரு வகை வாங்கியைத் தாங்கியிருக்கும். பரம்பரை அலகின் துண்டுகளை யதேச்சையாகக் கலைத்துச் சேர்ப்பதால் உண்டாகும் அவ்வாங்கியின் அமைப்பு கலத்துக்குக் கலம் வேறுபடும். இனி வரப்போகும் கிருமி இன்னதென்று அறியாத சரீரம், எது வந்தாலும் அதற்குப் பொருந்தும் ஒன்றேனும் இருக்கட்டும் என்று எண்ணிறந்த வாங்கிகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கின்றது. சொந்தச் சரீரத்தின் புரதத்தையே பகையெனக் கொள்ளும் கலங்களும், எதையுமே அறியும் திறனற்ற கலங்களும் அங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை.

இவ்வளவு அரிதில் தேறிய கலத்துக்கும் ஒரு பெரிய குறை உண்டு. கிருமி எதிரே நின்றாலும் அது அறியமாட்டாது. பிறபொருளெதிரி எனப்படும் புரதங்கள் கிருமியின் மேற்பரப்பை நேரே பற்றிக்கொள்ள வல்லவை; ரி கலமோ, வேறொரு கலம் அக்கிருமியை உட்கொண்டு, அதன் புரதங்களை நுண்ணிய துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளுள் ஒன்றைத் தன் மேற்பரப்பிலுள்ள விசேஷ மூலக்கூறு ஒன்றிலே பொருத்திக் காட்டினால் மாத்திரமே உணரும். காட்டப்படும் துண்டு அந்நியமானதாகவும், காட்டும் மூலக்கூறு சொந்தச் சரீரத்தினதாகவும் இருத்தல் வேண்டும் என்பதை 1974 இல் கன்பெராவிலே றொல்வ் சிங்கர்நாகலும் பீற்றர் டோகேட்டியும் நிறுவி, 1996 இல் நோபெல் பரிசு பெற்றனர். தோலிலும் மூக்கின் மென்சவ்விலும் தங்கியிருக்கும் கிளைவிட்ட உருவமுடைய கலங்கள் இவ்வாறு காட்டுவதிலே தேர்ந்தவை. அவை கிருமியை உட்கொண்டதும் தம் இடத்தை விட்டு நீங்கி, நிணநீரின் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுவை அடைகின்றன. காலிலே புண் பட்டால் கவட்டில் நெறி கட்டுவதை அறியாதார் இல்லை. அந்த நெறிதான் இச்சந்திப்பு நிகழும் ஸ்தானம். அங்கே கூடியுள்ள ரி கலங்களுள் ஒரு லட்சத்தில் ஒன்றுக்கோ பத்து லட்சத்தில் ஒன்றுக்கோதான் அக்குறித்த துண்டுக்கு ஏற்ற வாங்கி இருக்கும். ஏற்றது அகப்பட்டதும் அது பிரியத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்காகப் பெருகுகின்றது. நெறி வீங்குவதும் நோவதும் அதனாலேயே.

பெருகிய கலங்கள் எல்லாம் ஒரே தொழில் செய்வதில்லை. சீ.டீ. 8 என்னும் அடையாளப் புரதம் உடையவை, கிருமி புகுந்த கலத்தை நேரிற் சென்று கொல்வன. சீ.டீ. 4 உடையவற்றின் பிரதான தொழில் கொல்வதன்று, பணிப்பது. நம் வயல்களிலே வட்டை விதானையார் மண்வெட்டி பிடிப்பதில்லை. ஆயினும் எந்த வாய்க்காலை எப்பொழுது திறப்பது, எதை அடைப்பது என்று அவர் சொல்லாதபோது வட்டை வரண்டு போகும், அல்லது வெள்ளத்தில் அமிழ்ந்து போகும். சீ.டீ. 4 கலத்தின் உத்தியோகமும் அத்தகையதே. பிறபொருளெதிரி செய்யும் கலங்களை ஊக்குவதும், சீழ்க்கலங்களைக் காயத்துக்கு அழைப்பதும், பெருந்தின்கலங்களை உக்கிரமாக்குவதும், பின்னர் எல்லாவற்றையும் தணிப்பதும் அதனிடமிருந்து சுரக்கும் சைற்றோகைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களேயாம்.

பெருந்தின்கலத்தை உக்கிரமாக்கும் அந்தக் காரியமே நம் விஷயத்துக்கு உயிர்நாடி. சரீரத்தைத் தாக்கும் பற்றீரியாக்களுள் பல, கலங்களுக்கு வெளியே பெருகுவன. அவற்றைப் பிறபொருளெதிரிகள் பற்றிப் பிடித்துவிடும். வேறு சிலவோ, தம்மைத் தின்ன வந்த பெருந்தின்கலத்தினுள்ளேயே குடியேறி, அங்கேயே பெருகக் கற்றுக்கொண்டவை. பிறபொருளெதிரி கலத்தினுள்ளே புகமாட்டாது. ஆதலால் உள்ளே இருக்கும் கிருமிக்கு அதனிடம் பயமில்லை. 1960 களிலே ஜோர்ஜ் மக்கானஸ் என்னும் ஆராய்ச்சியாளர், லிஸ்ரீரியா என்ற இத்தகைய பற்றீரியாவினால் பீடிக்கப்பட்டுப் பிழைத்த எலியின் இரத்தநீரை வேறோர் எலிக்குச் செலுத்தினார், பலனில்லை. அதே எலியின் நிணநீர்க் குழியங்களைச் செலுத்தியபோது, இரண்டாவது எலி காப்பாற்றப்பட்டது. அதனினும் முக்கியமாக, கிருமியைக் கொன்றவை அக்குழியங்கள் அல்ல, அவற்றால் தூண்டப்பட்ட பெருந்தின்கலங்களே என்பதையும் அவர் காட்டினார். தூண்டிய பொருள் இன்ரபெரோன் காமா என்னும் புரதம் என்பது 1983 இலே தெளிவாயிற்று. அது வந்து தீண்டாத பெருந்தின்கலம் கிருமிக்குச் சத்திரம். தீண்டிய பின்னரோ, அமிலத்தையும் நச்சுத்தன்மை வாய்ந்த ஒட்சிசன் சேர்வைகளையும் பெருக்கி, உள்ளே வைத்தே கிருமியை அழிக்கும்.

இனித் தொழுநோய்க்குத் திரும்புவோம். குடலில் வாழும் சாதாரணக் கிருமி சாதகமான சூழலிலே 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். தொழுநோய்க் கிருமிக்கோ இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். சரீரத்திலே குளிர்ச்சி மிகுந்த பாகங்களான காதுமடல், மூக்கு, தோல், தோலுக்கு அண்மையிற் செல்லும் நரம்புகள் ஆகியவற்றையே அது நாடும். செயற்கை ஊடகம் எதிலும் அதை வளர்க்க இன்றுவரை எவராலும் முடியவில்லை. 1960 இல் செப்பர்ட் என்பவர் எலியின் பாதத்தில் அதைச் சிறிதளவு வளர்த்துக் காட்டினார். சிறிதளவு பெருகியதும் எலியின் நிர்ப்பீடனம் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. 1966 இல் இங்கிலாந்திலே றீஸ் என்பவர், தைமசு அகற்றப்பட்டுக் கதிர்வீச்சுக்கும் உள்ளான எலிகளிலே அதே கிருமியைச் செலுத்தினார். கிருமி கட்டுக்கடங்காமற் பெருகியது. மாந்தீவுக் கட்டில்களிற் கிடந்த இருவகை நோயாளரின் ரகசியமும் அந்த எலிகளிடத்தே பிரத்தியட்சமாயிற்று என்று சொல்லலாம்.

கிருமி தொற்றியவர்களிற் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதை இயல்பாகவே எதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பது பொதுவான கணிப்பு. எஞ்சியவருள் ஒரு சாராருடைய ரி கலங்கள் இன்ரபெரோன் காமாவை மிகுதியாகச் சுரந்து, கிருமியை ஓரிரு படைகளுக்குள்ளே அடக்கி வைக்கின்றன. மறுசாராருடைய ரி கலங்களோ, வேறெந்தக் கிருமியையும் எதிர்க்க வல்லனவாயிருந்தும், இந்த ஒரு கிருமியின் விஷயத்தில் மாத்திரம் வாளாவிருக்கின்றன. ஜப்பானிய வைத்தியர் மித்சுதா 1919 இலே விவரித்த பரிசோதனையொன்றில், கொல்லப்பட்ட கிருமிகளைத் தோலினுள்ளே ஏற்றி, நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தால், முதற்சாராருக்கு அவ்விடத்தில் முடிச்சு எழும். மறுசாராருக்கு ஒன்றும் எழாது. 1966 இல் றிட்லியும் ஜோப்ளிங்கும் இவ்விரு துருவங்களையும் அவற்றிடையேயுள்ள படிகளையும் வரிசைப்படுத்தி வகுத்த முறையை வைத்தியர்கள் இன்றும் கைக்கொள்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கிருமி பெருகிக் கிடக்கும் நோயாளியின் இரத்தத்திலே பிறபொருளெதிரிகள் குறைவாக இருக்கும் என்றுதானே எவரும் ஊகிப்பர்? உண்மை நேர்மாறானது. அவருக்கே அவை ஏராளம். படை ஒன்றோடு நிற்பவருக்கு அற்பம். எதிர்ப்புப் பொருள் மிகுந்தவரிடம் நோய் முற்றுகின்றது, குறைந்தவரிடம் அடங்குகின்றது. உள்ளே ஒளிந்த பற்றீரியாவை வெல்வது ரி கலத்தின் வழியே அன்றி வேறில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியத்தை நான் அறியேன். 1991 இலே அமெரிக்காவில் மொட்லின், புளூம், பத்மினி சல்கமே முதலியோர் நோயாளரின் தோலையும் ரி கலங்களையும் ஆராய்ந்தபோது, ஒரு சாராரிடம் இன்ரபெரோன் காமாவும், மறுசாராரிடம் அதற்கு எதிரான சமிக்ஞைகளைத் தரும் வேறு சைற்றோகைன்களும் மேலோங்கி நின்றமை புலனாயிற்று. அதற்கு முன்பே, 1986 இல், கிருமி மிக்க நோயாளரின் தோலில் இன்ரபெரோன் காமாவை ஊசியால் ஏற்றியபோது அவ்விடத்துக் கிருமிகள் குறைந்தமையும் காணப்பட்டிருந்தது.

அப்படியானால் ரி கலங்கள் எவ்வளவு உக்கிரமாயினும் நன்றே என்று முடிவு கட்டலாமா? எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என விளம்பரப்படுத்தி விற்கப்படும் சூரணங்களையும் பானங்களையும் வாங்குகின்றவர் அப்படித்தான் எண்ணுகின்றனர். விற்கின்றவரும் அவ்வெண்ணத்தைக் கலைக்க விரும்பமாட்டார். தொழுநோய் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகின்றது. இக்கிருமி நரம்பைப் போர்த்திருக்கும் சுவான் கலங்களினுள்ளே குடியேறுவது. வன்மை மிக்க ரி கலங்கள் அதைத் தேடி அங்கே வந்து கூடும்போது, வீக்கத்தால் நெரிந்து நரம்பே மாய்கின்றது. கிருமியோ சில, அழிந்ததோ நரம்பு முழுவதும். உணர்ச்சியற்ற கையையும் காலையும் தீயும் முள்ளும் செருப்பும் சிதைக்கின்றன. நோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, நோவறியாத காயங்களாலேயே குறைகின்றன என்பதை 1940 களின் பிற்பகுதி தொடங்கி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே போல் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர் நிரூபித்து, செயலிழந்த கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்க வைத்தார்.

இதனினும் துயரமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. இரு துருவங்களுக்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள நோயாளி, மருந்து உட்கொள்ளத் தொடங்கிச் சில மாதங்களில், படைகள் சிவந்து வீங்கி, முழங்கையிலோ முழங்காலின் பக்கத்திலோ நரம்பு நொந்து, ஒரு நாட் காலையிலே பாதத்தை உயர்த்த முடியாதவராக எழக்கூடும். மருந்துதான் இப்படிச் செய்தது என்று அவர் நினைப்பதில் வியப்பென்ன? மருந்தை நிறுத்திவிடுகின்றார். உண்மையில் நடந்திருப்பது, அதுவரை வாளாவிருந்த ரி கலங்கள் திடீரென்று விழித்துக்கொண்டமையே. கிருமிக்கு எதிரான மருந்தை நிறுத்தலாகாது. ரி கலங்களின் உக்கிரத்தைத் தணிக்கும் பிரெட்னிசொலோனை அதனோடு சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். மாத்திரையைக் கையிற் கொடுக்கும் அன்றே இதைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுதல் மருந்துக்குச் சமமான சிகிச்சை என்பது என் கருத்து.

ரி கலங்களுக்கு ஒரு வாரம் வேண்டும் என்றோம். இரு வாரத்துக்கு ஒருமுறை பிரியும் தொழுநோய்க் கிருமியிடம் அத்தாமதத்தால் நஷ்டமில்லை. நம் படுவான்கரை வயல்களின் சேற்றிலும் நீரிலும் வாழக்கூடிய மற்றொரு பற்றீரியாவின் கதை வேறு. 1912 இலே றங்கூனிலிருந்து விற்மோரும் கிருஷ்ணசாமியும் முதன்முதலாக விவரித்த, அப்பற்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோய் இலங்கையில் 1927 இலேயே பதிவாகியது; அண்மைக் காலத்திலே கிழக்கு மாகாணத்திலும், மட்டக்களப்பிலும், மழைக்காலங்களில் அடிக்கடி கண்டறியப்படுகின்றது. அக்கிருமியும் கலங்களினுள்ளே வாழ்ந்து, ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு வெளியே வராமலே தாவ வல்லது. ஆனால் அது விரைந்து பெருகுவது. நீரிழிவு உள்ள கமக்காரரின் இரத்தத்திலே கலந்துவிட்டால், ரி கலங்கள் ஆயத்தமாகும் முன்னரே சில நாட்களில் உயிரைக் கொண்டுபோகக்கூடும். தாய்லாந்தில் நடந்த ஆராய்ச்சிகளிலே, பிழைத்தவருடைய ரி கலங்கள் மடிந்தவருடையவற்றைவிட வலுவாக எதிர்வினை காட்டியமை அறியப்பட்டது.

ரி கலங்களை முன்கூட்டியே பழக்கி வைக்க வழி இல்லையா? நம் தோளிலே குழந்தைப் பருவத்தில் இட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்பு அவ்வழியின் அடையாளம். காசநோய்க்காக ஏற்படுத்தப்பட்ட அவ்வூசி, அக்கிருமியின் உறவாகிய தொழுநோய்க் கிருமியையும் ஓரளவு தடுக்கின்றது. 1991 இல் தொடங்கித் தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியிலே 171,400 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையிற் பீ.சீ.ஜீ. ஏறத்தாழ 34 வீதப் பாதுகாப்பையும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியையும் அதனோடு சேர்த்துக் கொடுத்தபோது 64 வீதப் பாதுகாப்பையும் தந்தது. ஆயினும் பிந்திய அந்தச் சேர்க்கை ஊர்தோறும் வழங்கும் ஊசியாகவில்லை.

இலங்கையிலே தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1983 இல் தொடங்கியது; 1995 அளவில், பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற விகிதத்துக்கும் கீழே நோய் இறங்கியது. நோய் ஒழிந்தது என்று அதற்குப் பொருளன்று. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இன்னும் கண்டறியப்படுகின்றனர். அவர்கள் மிகுதியாகவுள்ள மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. எவரும் இனித் தீவுக்குப் போகவேண்டியதில்லை. கிருமி குறைந்தவருக்கு 6 மாதமும் மிகுந்தவருக்கு 12 மாதமும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கின்றது. அம்மருந்துகளுள் ஒன்றாகிய ரிபம்பிசின் உட்சென்ற சில நாட்களிலே பெரும்பாலான கிருமிகள் இறந்துவிடும். ஆனால் இறந்த கிருமிகளின் எச்சம் தோலிலும் நரம்பிலும் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருக்கும். ரி கலங்களுக்கு உயிருள்ள கிருமியின் புரதமும் இறந்த கிருமியின் புரதமும் ஒன்றே. ஆகவே, மருந்து முடிந்து ஓரிரண்டு ஆண்டு சென்றபின்னும், வாவியில் வலை இழுக்கும் ஒருவருக்குச் சின்னி விரலிலே திடீரென்று பலம் குன்றுமாயின், அது முதுமை என்றோ வேலைக் களைப்பு என்றோ இருந்துவிடலாகாது. போதனா வைத்தியசாலையின் சரும நோய்ப் பிரிவுக்கு உடனே செல்லுதல் வேண்டும். பலம் குன்றி ஆறு மாதத்துக்குள்ளே பிரெட்னிசொலோனைத் தொடங்கினால் நரம்பு மீள்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு; அதற்குப் பிந்தினால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.